வெள்ளோட்டம் யாருக்காக?

புதுத் தேர் செய்தாலும் சரி, பழைய தேருக்குப் புது அச்சு போட்டாலும் சரி, திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் வெள்ளோட்டம் விடுவது நம் ஊர் வழக்கம். சக்கரம் நேராகச் சுழல்கிறதா, அச்சு தாங்குகிறதா, வடம் இழுவைக்கு நிற்கிறதா என்று அன்று பார்த்து விடுவார்கள். தச்சன் இருப்பான், கொல்லன் இருப்பான், வடம் பிடிக்கும் குடியானவனும் இருப்பான். குறை தெரிந்தால் அங்கேயே சொல்வார்கள், அங்கேயே திருத்துவார்கள். ஏனென்றால், திருவிழாவன்று முச்சந்தியில் தேர் குடை சாய்ந்தால் நசுங்கப் போவது தர்மகர்த்தா அல்ல, வடம் பிடித்தவன்தான்!

வயலிலும் அப்படித்தான். புது விதை வந்தால் மூட்டை முழுவதையும் சேற்றில் கொட்டுகிறோமா? கைப்பிடி விதையை ஈரத் துணியில் கட்டி வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகுதான் நாற்றங்காலில் தெளிக்கிறோம். மில்லுக்குப் புது ரிங் பிரேம் வந்து இறங்கினால் நூல் எங்கே அறுகிறது, எந்த ஸ்பிண்டில் சூடேறுகிறது என்பதை எஞ்சினீயருக்கு முன்னால் கண்டுபிடிப்பவன் அந்த சைடைப் பார்க்கும் தொழிலாளி. யந்திரத்தின் குறையை முதலில் அறிவது அதில் வேலை செய்யும் கை. இது நம் அனுபவம்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. ஒரு புதிய இயங்குதளத்தை ஊருக்கெல்லாம் கொடுக்கும் முன், அதன் வெள்ளோட்டப் பதிப்பை வெளியிட்டு, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும்படி கேட்கிறார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. நம் கூலியோடும் சோற்றோடும் சம்பந்தம் இருக்கிறது.

நம் தலையில் விட்ட வெள்ளோட்டம்

2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் மத்திய சர்க்கார் ஒரு புது ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. வேலைத்தலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளிகளைப் படம் பிடித்து, செல்போன் செயலியில் ஏற்றினால்தான் ஆஜர் விழும் என்றது. டவர் எட்டாத ஏரிக்கரையில், பொட்டல் காட்டில், செயலி தகராறு செய்த நாட்களில் என்ன நடந்தது? காலையிலிருந்து மண் வெட்டிய பெண்ணுக்கு வேலை செய்ததற்கான அத்தாட்சி இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு பல மாநிலங்களின் கிராமப்புறத் தொழிலாளிகள் டில்லி ஜந்தர் மந்தருக்குப் போய் இதை எதிர்த்து தர்ணா இருந்தார்கள்.

அதுவும் ஒரு வெள்ளோட்டம்தான் தோழர்களே! ஆனால் திருவிழா நாளன்றே, நம் தலையின் மேலேயே விட்ட வெள்ளோட்டம். செயலியைச் செய்தவர்கள் யாராவது வேலைத்தலத்தில் வந்து நின்று, "இது உங்களுக்கு ஒத்து வருகிறதா?" என்று மேட்டையும் பள்ளத்தையும் அறிந்த கூலிக்காரரைக் கேட்டார்களா? செயலியின் குறையை அவர் பதிவு செய்யவும், எல்லோரும் பார்க்கும்படி அதற்குப் பதில் வாங்கவும் வழி வைத்தார்களா? இல்லை. குறை யந்திரத்தில், தண்டனை தொழிலாளிக்கு!

ஆகவே, எந்த நிரலை யார் சோதிப்பது, சோதித்தவன் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது, சோதித்த பலன் யாருக்குச் சேருவது என்பதெல்லாம் எஞ்சினீயர்களின் சொந்த விஷயமல்ல. அது வர்க்கப் பிரச்னை.

பூட்டிய பெட்டியும் திறந்த பட்டறையும்

இயங்குதளம் என்றால் என்ன? கம்ப்யூட்டரின் இரும்பும் சிலிக்கானும் தாமாக எதுவும் செய்யாது. விசைப்பலகையில் தட்டுவதை வாங்கி, திரையில் காட்டி, கணக்கைப் போட்டு, கோப்பைச் சேமித்து, எல்லா நிரல்களுக்கும் வேலையைப் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரல் தொகுதிக்கு இயங்குதளம் என்று பெயர். ஒரு ஷிப்டு முழுவதையும் நடத்தும் மேஸ்திரி போல என்று வைத்துக் கொள்ளலாம்.

இதை மனிதர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதிய வாசகத்துக்கு மூல நிரல் என்று பெயர். மைக்ரோசாப்ட் போன்ற ஏகபோகக் கம்பெனிகள் மூல நிரலைப் பூட்டி வைத்து, ஓடும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவன் பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, அண்டை வீட்டானுக்கு நகல் கொடுக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய கலப்பையைச் சொந்தக் கொல்லனிடம் கூட அடித்து வளைக்கக் கூடாது என்று சொல்வது போன்றது இது!

இந்த அநியாயத்தை எதிர்த்து 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் கிளம்பினார். எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றைக் கட்டப் போவதாக அறிவித்தார். அதற்கு 'ஜி.என்.யூ.' என்று பெயரிட்டார். 1989-ல் அந்த இயக்கம் ஒரு பொது உரிமத்தை வெளியிட்டது. பொதுச் சொத்தாகக் கிடைத்ததைத் திருத்தி வெளியில் கொடுப்பவன், திருத்தத்தையும் பொதுச் சொத்தாகவே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊர்ப் பொதுக் கிணற்றை ஆழப்படுத்தினாலும் அது ஊர்க் கிணறாகவே இருக்கும் என்பது போன்ற கட்டுப்பாடு.

1991 ஆகஸ்ட் 25-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது வாலிபர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும்படியும் மற்றவர்களைக் கேட்டார். செப்டம்பரில் 0.01 என்ற எண்ணிட்ட முதல் பதிப்பை வெளியிட்டார். அரைகுறையாக இருந்தது. ஆனால் மூல நிரலோடு இருந்தது. பல தேசத்தார் எடுத்து ஓட்டினார்கள், உடைத்தார்கள், குறை சொன்னார்கள், திருத்தி அனுப்பினார்கள். 1992-ல் அவர் அதை அந்தப் பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். 1.0 என்ற எண்ணைச் சூட்ட 1994 மார்ச் வரை பிடித்தது. அதாவது, இரண்டரை ஆண்டுகள் அது முழுக்க முழுக்க வெள்ளோட்டத்திலேயே வளர்ந்தது!

இன்று உலகின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பர் முதல் 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள்ளும் அடியில் இருப்பது லினக்ஸ் கருதான். கோடிக்கணக்கான மனித மணிகளின் உழைப்பு அது.

நகல் தீர்மானம் போல

யூனியன் மகாநாட்டுக்கு முன்னால் என்ன செய்கிறோம்? நகல் தீர்மானத்தைக் கிளைகளுக்கு அனுப்புகிறோம். கிளைகளில் படித்து விவாதிக்கிறார்கள். "இந்தப் பாரா தவறு", "பஞ்சாலைப் பெண்களின் கோரிக்கை விட்டுப் போயிற்று" என்று திருத்தங்கள் வருகின்றன. அதன் பிறகுதான் மகாநாட்டில் தீர்மானம் நிறைவேறுகிறது. நகலை நகல் என்று சொல்லியே அனுப்புகிறோம். அதை வைத்துக் கொண்டு யாரும் வேலைநிறுத்தம் அறிவிப்பதில்லை.

திறந்த மூல இயங்குதளங்களின் வெள்ளோட்டப் பதிப்பும் இதே மாதிரிதான். லினக்ஸ் கருவில் ஒரு பதிப்பு வெளிவந்ததும் இரண்டு வாரம் புதிய சரக்கைச் சேர்க்கிறார்கள். பிறகு கதவை அடைத்து விடுகிறார்கள். அதற்கு மேல் திருத்தம் மட்டும்தான். வாரம் ஒன்றாக, பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு வெள்ளோட்டப் பதிப்புகள் வருகின்றன. குறைகள் தீர்ந்த பிறகே இறுதிப் பதிப்பு.

1993-ல் ஆரம்பித்த டெபியன் என்ற ஸ்தாபனத்தின் முறை இன்னும் தெளிவு. தொண்டர்கள் நடத்தும் ஸ்தாபனம் அது. தலைவரை ஆண்டுதோறும் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே எந்த நேரமும் மூன்று படிகள் உண்டு. புது நிரல் முதலில் 'நிலையற்றது' என்ற படியில் இறங்கும். அதற்கு 'சிட்' என்று செல்லப் பெயர். ஒரு சினிமாப் படத்தில் பொம்மைகளையெல்லாம் உடைக்கும் பையனின் பெயர் அது! அங்கே சில நாட்கள் பெரிய குறையின்றி ஓடினால் 'சோதனை' என்ற படிக்கு ஏறும். முடிவில் எல்லாம் சேர்ந்து 'நிலையானது' ஆகும். 13-வது பதிப்புக்கு 2025 மார்ச்சில் கதவை அடைக்கத் தொடங்கி, ஆகஸ்ட் 9-ல்தான் வெளியிட்டார்கள். இடைப்பட்ட மாதங்கள் பூராவும் குறை பிடிப்பதும் தீர்ப்பதும்தான் வேலை. எந்தக் குறையையும் மறைப்பதில்லை என்பது 1997-ல் அவர்கள் ஏற்றுக் கொண்ட சமூக ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. குறைப் பதிவேடு பகிரங்கமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

எந்த மில் நிர்வாகம் தன் விபத்துப் பதிவேட்டை கேட் முன்னால் ஒட்டி வைக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

அரை வினாடி

வெள்ளோட்டம் பார்ப்பதால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 'எக்ஸ்-இசட்' என்ற சின்ன நிரல் ஒன்று உண்டு. அநேகமாக எல்லா லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தவர் ஒரே ஒரு தொண்டர். 2021-ன் கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தார். 2022-ல் வேறு சில பெயர்களில் ஆட்கள் கிளம்பி, "வேலை மந்தமாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படை" என்று அந்தத் தொண்டரை நெருக்கினார்கள். மனநலக் குறைவோடு போராடிக் கொண்டிருந்த அவர், இது ஊதியமில்லாத வேலை என்று நினைவூட்டினார். நெருக்கடி நிற்கவில்லை. கடைசியில் புதியவர் கைக்குப் பொறுப்பு வந்தது.

2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் அவர் ஒரு திருட்டு வாசலைப் புதைத்தார். சோதனைக்கென்று வைக்கும் கோப்புகளுக்குள்ளேயே அதை ஒளித்து வைத்திருந்தார். அது நிலைத்திருந்தால், தொலைவிலிருந்து பூட்டுத் திறந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழியில், சாவி வைத்திருக்கும் அந்த ஒரு கூட்டம் மட்டும் அதிகாரியைப் போல் உள்ளே புகுந்திருக்கும். ஆஸ்பத்திரி, பாங்கு, ரயில்வே, மின்சாரம் என்று எத்தனை இடங்களின் கம்ப்யூட்டர்கள் அம்பலமாகியிருக்கும்!

அந்தச் சரக்கு டெபியனின் நிலையற்ற, சோதனைப் படிகளுக்கும், ஃபெடோரா 40-ன் வெள்ளோட்டத்துக்கும், இன்னும் சிலவற்றுக்கும் வந்து சேர்ந்து விட்டது. நிலையான பதிப்புகளுக்குள் நுழையும் வாசலில் நின்றது.

அப்போது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர், டெபியனின் நிலையற்ற படியில் வேறு ஏதோ வேகத்தை அளந்து கொண்டிருந்தார். தொலைவழி நுழைவுக்கு வழக்கமாக 0.3 வினாடி பிடிக்கும். அன்று 0.8 வினாடி பிடித்தது. வித்தியாசம் அரை வினாடி! கண் இமைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூட. "போனால் போகிறது" என்று அவர் விடவில்லை. சில வாரங்களுக்கு முன் சோதனையில் கண்ட ஒரு வினோதமான எச்சரிக்கையும் அவர் நினைவுக்கு வந்தது. மூல நிரல் திறந்து கிடந்ததால் நூல் பிடித்துக் கொண்டே போனார். மார்ச் 29-ல் திருட்டு வாசலைப் பகிரங்கமாக உலகத்துக்கு அறிவித்தார். உடனே எல்லா ஸ்தாபனங்களும் அந்தப் பதிப்புகளைத் தூக்கி எறிந்தன. உபுண்டு தன் 24.04 வெள்ளோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி கட்டியது. 'ஜியா டான்' யார், யாருடைய கையாள் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சதி முறிந்தது.

இதில் நாம் கற்க வேண்டியது இரண்டு. வெள்ளோட்டத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்ததால்தான் அரை வினாடி கண்ணில் பட்டது. மூல நிரல் பூட்டில்லாமல் இருந்ததால்தான் சந்தேகப்பட்டவர் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. இன்னொரு விஷயம்: ஃப்ராய்ண்ட் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியில்! பூட்டிய பெட்டி விற்கும் கம்பெனியில் உழைப்பவரும் திறந்த பட்டறையில் நின்றுதான் உலகத்தைக் காப்பாற்ற முடிந்தது. எதிரி முதலாளித்துவ ஏகபோகம். அதன் கீழ் உழைக்கும் எஞ்சினீயர் அல்ல.

கம்பெனி விடும் வெள்ளோட்டம்

கம்பெனிகளும் வெள்ளோட்டம் விடுகின்றன. எப்படி?

மைக்ரோசாப்ட் 2014 ஜூலையில் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. அதில் 12,500 பேர் அது வாங்கிய நோக்கியா செல்போன் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கம்பெனி ஆர்டரை நிறுத்திக் கொண்டதால் அதே ஆண்டு நவம்பர் 1-ல் நம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ல்தான் அது 'இன்சைடர்' என்ற திட்டத்தையும் அறிவித்தது. பொதுமக்களே விண்டோஸின் வெள்ளோட்டப் பதிப்பைக் கூலியின்றி ஓட்டிக் குறை சொல்லலாம் என்றது.

2018 அக்டோபர் 2-ல் விண்டோஸ் 10-ன் புதிய பதிப்பு ஒன்று வெளிவந்தது. ஏற்றிய சிலருடைய ஆவணங்களும் படங்களும் அடியோடு அழிந்து போயின! அக்டோபர் 6-ல் கம்பெனி விநியோகத்தை நிறுத்தியது. பிறகு தெரிய வந்தது என்ன? வெள்ளோட்டம் ஓட்டிய சிலர் இதே குறையை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான முறையீடுகளுக்கு நடுவே, கை தூக்கியவர் எண்ணிக்கை குறைவு என்பதால் அது அடியில் புதைந்து கிடந்தது. அதன் பின்னர்தான் குறை எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் இடத்தைப் படிவத்தில் சேர்த்தார்கள்.

சோதிப்பவன் உழைப்பு அங்கேயும் உழைப்புதான். ஆனால் அவன் கண்டுபிடித்த குறையைத் தானே திருத்த முடியாது. திருத்தினார்களா என்று உள்ளே பார்க்க முடியாது. திருந்திய சரக்கு அவனுக்கே விலைக்கு விற்கப்படுகிறது. பண்ணையார் களத்தில் சும்மா நெல் தூற்றிக் கொடுத்து, அதே நெல்லை மறுநாள் காசு கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் பக்கத்துக் குறைகளையும் சொல்வோம்

திறந்த மூலம் என்றால் எல்லாம் பொன்னுலகம் என்று நாம் சொல்ல வரவில்லை. முதலாளித்துவ சமுதாயத்தில் எந்தப் பொதுச் சொத்தின் மீதும் முதலாளியின் கை விழும்.

'ரெட் ஹாட்' என்ற கம்பெனி லினக்ஸை வைத்தே வளர்ந்தது. 2019-ல் ஐ.பி.எம். என்ற பகாசுரக் கம்பெனி அதை 3,400 கோடி டாலருக்கு விழுங்கியது. ரெட் ஹாட்டின் சரக்குக்கு ஈடாக, காசில்லாமல் கிடைத்து வந்தது 'சென்ட் ஓ.எஸ்.' 8-வது பதிப்பை 2029 வரை நம்பலாம் என்றிருந்தது. 2020 டிசம்பர் 8-ல் திடீரென்று, 2021 முடிவோடு அது நிற்கும் என்றார்கள். இனி அந்தப் பெயரில் கிடைப்பது, கம்பெனியின் அடுத்த பதிப்புக்கு முன்னால் ஓடும் சரக்கு மட்டும்தான் என்றார்கள். நிலையான தளம் என்று நம்பி வந்தவர்களை ஒரே இரவில் வெள்ளோட்டக்காரர்கள் ஆக்கி விட்டார்கள்! விரும்பி வெள்ளோட்டம் பார்ப்பது வேறு. கேட்காமல் வெள்ளோட்டத்தில் தள்ளப்படுவது வேறு.

ஆனால் முடிவு என்ன? மூலம் திறந்திருந்ததால் ஜனங்கள் கையைப் பிசைந்து கொண்டு நிற்கவில்லை. 2021-லேயே 'ஆல்மா', 'ராக்கி' என்ற இரண்டு மாற்றுத் தளங்களைக் கட்டி எழுப்பினார்கள். முதலாளி கதவடைப்புச் செய்தால் தொழிலாளி வேறு மில் கட்ட முடியாது. இங்கே முடிந்தது! வித்தியாசம் அதுதான்.

எக்ஸ்-இசட் சம்பவத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உலகமெங்கும் கோடி கோடியாக லாபம் குவிக்கும் கம்பெனிகள் நம்பியிருந்த ஒரு நிரலை ஒற்றை மனிதன் கூலியின்றிச் சுமந்தான். அவன் தளர்ந்த இடத்தில்தான் சதிகாரன் நுழைந்தான். பொதுச் சொத்தைக் காப்பவனுக்குச் சோறு போட வேண்டியது பொதுவின் கடமை. இதைக் கேட்காமல் தொண்டு, தியாகம் என்று புகழ்ந்து கொண்டே இருப்பது முதலாளிக்குத்தான் வசதி.

இது நம்மால் ஆகுமா?

"இதெல்லாம் படித்த பிள்ளைகள் வேலை, பேண்ட் சட்டைக்காரர் சமாசாரம்" என்று ஒதுங்குவது தவறு. நிரல் எழுதுவது வேறு, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது வேறு. தறி செய்யத் தெரியாதவனும் தறியின் கோளாறைச் சொல்வான். நம்மால் மட்டுமே சொல்லக்கூடிய குறைகளும் உண்டு. தமிழ் எழுத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 'கெ' என்று தட்டினால் கொம்பு முன்னால் நிற்க வேண்டும். எழுத்தைச் சேர்த்துக் காட்டும் நிரலில் கோளாறு வந்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். ஹெல்சிங்கியில் இருப்பவர் எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும் இது அவர் கண்ணில் படுமா? தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் படும். நாம் வெள்ளோட்டத்தில் இல்லாவிட்டால் அந்தக் குறை இறுதிப் பதிப்பிலும் அப்படியே வரும். பிறகு நம் பிள்ளைகள், "தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது" என்று நினைப்பார்கள். ஒத்து வராதது தமிழ் அல்ல, நாம் இல்லாத வெள்ளோட்டம்!

முன்னுதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 2006-ல் அமைந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான சர்க்கார் சுதந்திர மென்பொருளைக் கொள்கையாகவே ஏற்று ஆதரித்தது. பள்ளிக்கூடங்கள் லினக்ஸுக்கு வந்தன. 2019-ல், 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கான புதிய பதிப்பை வெளியிட்டபோது, கம்பெனிச் சரக்கு வாங்காததால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் 'கைட்' ஸ்தாபனம் கணக்குச் சொன்னது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கான பணம் அமெரிக்கக் கம்பெனியின் கல்லாவுக்குப் போகாமல் நின்றது.

இங்கே நம் யூனியன் ஆபீஸ்களைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்குப் பொதுவாகத் தந்து வந்த பாதுகாப்பை 2025 அக்டோபர் 14-ல் கம்பெனி நிறுத்தியது. அடுத்த பதிப்புக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் பல தகுதியில்லை என்கிறது. நன்றாக ஓடும் யந்திரத்தைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்கச் சந்தாப் பணத்தை எடுப்பதா? அதே யந்திரத்தில் லினக்ஸ் ஓடும். அதை ஓட்டிப் பார்க்க நமக்கு வேண்டியது பென் டிரைவ் ஒன்று, கொஞ்சம் பொறுமை.

எப்படிச் செய்வது?

முதல் விதி: வெள்ளோட்டப் பதிப்பை உறுப்பினர் பதிவேடும் சந்தாக் கணக்கும் உள்ள யந்திரத்தில் ஏற்றாதீர்கள்! வேலைக்கு நிலையான பதிப்பு, சோதனைக்குத் தனி யந்திரம். தனி யந்திரம் இல்லையா? பல லினக்ஸ் தளங்களைப் பென் டிரைவில் எழுதி, உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். எதுவானாலும் முக்கியக் கோப்புகளுக்கு முன்னதாக வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது: நீங்கள் அன்றாடம் செய்வதையே செய்து பாருங்கள். தமிழில் ஒரு நோட்டீஸ் தட்டுங்கள். அச்செடுங்கள். செல்போனை இணையுங்கள். மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். மின்வெட்டு அனுபவத்தில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது: குறையை முறையாகச் சொல்லுங்கள். "ஓடவில்லை" என்றால் யாருக்கும் புரியாது. லேபர் ஆபீசுக்குக் கொடுக்கும் மனுவில் தேதி, ஷிப்டு, பிரிவு, நடந்தது என்ன என்று எழுதுகிறோம் அல்லவா? அது போல, என்ன பதிப்பு, என்ன யந்திரம், எதைச் செய்தீர்கள், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். மறுபடி செய்தாலும் அதே கோளாறு வருகிறதா என்று பாருங்கள். முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதிவிலேயே உங்கள் அனுபவத்தையும் சேருங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் யூனியன் ஆபீசில் வாலிபர் ஒருவர் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பக்கம் இருப்பவரும் ஓர் உழைப்பாளி என்பதை மறக்காதீர்கள். குறையைச் சொல்லலாம், வசை பாடக் கூடாது.

நம் கோரிக்கைகள்

ஓட்டிப் பார்ப்பதோடு நம் வேலை முடியவில்லை. மூன்று கோரிக்கைகளை யூனியன்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் எழுப்ப வேண்டும்.

ஒன்று: கூலி, ஆஜர், ரேஷன், ஓய்வூதியம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் எந்தச் சர்க்கார் நிரலும் திறந்த மூலமாக இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் முன் வேலைத்தலங்களில், தொழிலாளிகளின் பிரதிநிதிகளை வைத்துப் பகிரங்க வெள்ளோட்டம் விட வேண்டும். குறைகள் தீரும் வரை எவருடைய கூலியும் அதன் காரணமாக நிற்கக் கூடாது.

இரண்டு: நம் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடங்களிலும் ஆபீஸ்களிலும் திறந்த இயங்குதளங்கள் வர வேண்டும். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையிலேயே டெபியனை ஆதாரமாகக் கொண்டு 'பாஸ்' என்ற தளத்தை உருவாக்கியது. இத்தகைய முயற்சிகளைப் பெயருக்கு வைத்துக் கொண்டு கம்பெனிகளிடம் சரக்கு வாங்கும் போக்கு ஒழிய வேண்டும்.

மூன்று: பொது மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கும் சோதிப்பவர்களுக்கும் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் வேண்டும். அதை வைத்துக் கொள்ளை லாபம் அடிக்கும் கம்பெனிகளிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்க வேண்டும்.

தோழர்களே! யந்திரத்தை நாம் ஒரு போதும் வெறுத்ததில்லை. யந்திரத்தின் சாவி முதலாளியின் கையில் மட்டும் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். இங்கே ஒரு யந்திரத்தின் மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே பார், ஓட்டிப் பார், குறை சொல் என்று உலகத்து உழைப்பாளிகள் அழைக்கிறார்கள். அடுத்த வெள்ளோட்டப் பதிப்பு வரும்போது, ஒவ்வொரு யூனியன் ஆபீசிலும் ஒரு யந்திரமாவது அதை ஓட்டிப் பார்க்கட்டும். நம் கூலியைத் தீர்மானிக்கும் நிரல்களை நாம் சோதிக்கும் உரிமையை, ஓட்டிப் பழகிய கைகளோடும் கண்ட அனுபவத்தோடும் போய்க் கேட்போம்!